மெக்கானிக்கின் மணிக்கட்டும் என் வீட்டுச் சுவரும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று எங்கள் காகித ஆலையின் கெமிக்கல் ரூமுக்குப் புது பம்ப் மெக்கானிக் வந்தார். பழையவர் ஓய்வு பெற்றதிலிருந்து அந்த மருந்து பம்ப் ஒரு நாள் ஒழுகும், ஒரு நாள் விக்கும், ஒரு நாள் கோபித்துக்கொண்டு நின்றுவிடும்.

சூப்பர்வைசர் பையன்தான் கூட்டி வந்தான். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவனுக்கு நான் வைத்த பெயரே விசில். "அக்கா, இவருக்கு ரூமைக் காட்டுங்க. பயமுறுத்தாதீங்க" என்றான்.

பயமுறுத்துவதுதானே என் வேலை. டிரம்மில் ஒட்டியிருக்கும் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். "இங்க பாருங்க, சொட்டு விழுது, கை அரிச்சுப் போகுது. இது செத்த மீன். இது மொட்டை மரம். மரத்துக்கே இந்தக் கதின்னா, உங்க தலையில மிச்சம் இருக்கறதைப் பத்திரமா பாத்துக்குங்க."

மனிதருக்குக் காதோரம் மட்டும்தான் முடி. சிரிப்பார் என்று பார்த்தேன்.

"உம்" என்றார்.

இவருக்கும் பெயர் வைத்தாயிற்று. உம்காரர்.

மார்ச் 4, புதன்

உம்காரர் இன்று பேசியது: உம், உம், சரி, ஸ்பேனர்.

மார்ச் 9, திங்கள்

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அந்த மருந்தின் பெயர் ஒரு ரயில் நீளம். அதனால் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறேன். காகித ஆலைத் தண்ணீரில் வழவழவென்று பாசி பிடிக்கும். விட்டுவிட்டால் காகிதம் கிழியும், ஆலை முழுக்க அழுகின முட்டை நாற்றம். அதைக் கொல்லத்தான் மாமியார். வெளிர் மஞ்சள் நிறம். சொல்லிக்கொள்ளும்படி வாசனையும் கிடையாது. பக்கத்தில் வந்து நின்றதே தெரியாது, அப்புறம்தான் எரியும்.

இன்று பம்பைத் திறந்தபோது உம்காரரின் கையுறைக்கு மேலே, மணிக்கட்டில் கொஞ்சம் சிந்திவிட்டது. மனிதர் பதறவில்லை. கையுறையைக் கழற்றினார், கைக்கடிகாரத்தைக் கழற்றிக் குழாய் மேடையில் வைத்தார், கையைத் தண்ணீரில் நீட்டினார். பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நொடி குறைக்கவில்லை.

நானும் பக்கத்தில் நின்றேன். ஒரு ஆம்பளை என் பேச்சை விட்டு ஓட முடியாமல் கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. சும்மா விடுவேனா? விசில் தூங்கும்போதும் விசிலோடுதான் தூங்குவான், குறட்டை விட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஷிஃப்ட் முடிந்தது என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்றேன்.

உம்காரர் சிரித்தார். முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருக்கிறது. அது சிரித்தால்தான் தெரிகிறது.

நேரம் முடிந்ததும் துடைத்துக்கொண்டு, கடிகாரத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தத் திரும்பின பல்லைப் பற்றி எதற்கு இவ்வளவு எழுதுகிறேன்?

மார்ச் 14, சனி

காலையில் மகள் கேட்டாள்: "ஏம்மா, ஹெல்மெட் போடற தலைக்கு எதுக்கு இத்தனை கிளிப்பு?"

"ஹெல்மெட் ஆடாம நிக்கறதுக்குடீ" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தையல் கடைக்குக் கிளம்பினாள். படிக்கட்டில் இறங்கும்போது தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

மார்ச் 20, வெள்ளி

உம்காரர் இன்று சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். பிடித்துக் காட்டச் சொன்னேன். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு பட்டை, நடுவில் ஒரு வட்டம். கடிகாரத்தை அச்சு எடுத்த மாதிரி. முள் மட்டும்தான் இல்லை. அதன்மேல் சின்னச் சின்னக் கொப்புளம்.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா."

"தினமும் இதையேவா கட்டறீங்க?"

"உம்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கையை ஒழுங்காகக் கழுவினார், கடிகாரத்தைக் கழுவவில்லை. அது தோல் பட்டை. தோல் இந்த மருந்தைக் குடித்துவிட்டால் திருப்பிக் கொடுக்கவே கொடுக்காது. அதனால்தான் இந்த ரூமுக்குள் தோல் செருப்பு கூடாது, தோல் கையுறை கூடாது. வாசலில் எல்லோருடைய காலையும் பார்க்கிறேன், கையைப் பார்க்கிறேன், பெல்ட்டைக்கூடப் பார்க்கிறேன். கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. கழுவ வேண்டிய நேரத்தைச் சரியாகக் காட்டிய அந்தக் கடிகாரமே மருந்தை வைத்துக்கொண்டு, தினமும் காலையில் அவர் கையில் கொஞ்சம் கொஞ்சமாக வடித்திருக்கிறது.

இடுக்கியால் எடுத்து ஆபத்துக் கழிவுப் பையில் போட்டேன். "நேரம் நல்லாதான் ஓடிட்டிருந்துச்சு" என்றார் பாவமாக.

"ஓடட்டும், பைக்குள்ளேயே ஓடட்டும்" என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். பையின் வாயை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

மார்ச் 23, திங்கள்

ஆலை டாக்டரம்மா பார்த்துவிட்டார். புண் ஆறிவிடுமாம். ஆனால் அது முக்கியம் இல்லையாம். "உங்க உடம்பு இந்த மருந்தை அடையாளம் கண்டுக்கிச்சு. இனிமே மறக்காது. அடுத்தவங்களுக்கு ஒண்ணும் செய்யாத அளவு பட்டாக்கூட உங்களுக்குப் பொங்கிடும். வாழ்நாள் பூரா" என்று சொன்னாராம்.

அவர் இனி கெமிக்கல் ரூமுக்கு வரக்கூடாது. வொர்க்ஷாப்பில் நிரந்தரமாகப் போடுவதா, அல்லது அவர் முன்பு இருந்த ஆலைக்கே திருப்பி அனுப்புவதா என்று யோசிக்கிறார்களாம். அந்த ஆலை ரயிலில் அரை நாள் தூரம்.

போனாப் போறாரு. எனக்கு என்ன? இருபது நாளாத்தான் தெரியும் அந்த மனுஷனை. மொத்தமா எண்ணினா நாப்பது வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டாரு. போகட்டும்.

போகட்டும்னு எழுதிட்டா போயிடுவாரா என்ன — போகக் கூடாது.

மார்ச் 27, வெள்ளி

அவர் சரிசெய்துவிட்டுப் போன பம்ப் ஒரு சொட்டு ஒழுகமாட்டேன் என்கிறது. துரோகி.

மதியம் என் ஸ்டூலில் இருந்து ஒரு நட்டைக் கழற்றிக்கொண்டு வொர்க்ஷாப்புக்குப் போனேன். "இது எங்கேருந்து விழுந்துச்சுன்னே தெரியலை, பாத்துச் சொல்லுங்க" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டூல் நட்டு."

"ஓ."

"ஸ்டூலுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல."

"உங்களுக்கு?"

நாற்பத்தேழு வயதில் முகம் சிவக்குமா? சிவக்கும். வொர்க்ஷாப் சூடு என்று சொல்லிவிட்டு வந்தேன். நட்டை அங்கேயே விட்டுவிட்டேன். சாயங்காலம் ஸ்டூல் என்னைக் கீழே தள்ளியது. விசில் விசிலடித்தான்.

ஏப்ரல் 2, வியாழன்

ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

டிரம் மாற்றுகிற நேரம். நான் முழு வேஷத்தில் இருந்தேன்: முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, கழுத்திலிருந்து முழங்கால் வரை ரப்பர் ஏப்ரன், முழங்கை வரை கையுறை. வாசலில் மஞ்சள் கோடு ஒன்று உண்டு. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உம்காரர் வந்து நின்றார். அதைத் தாண்ட அவருக்கு அனுமதி இல்லை.

பம்ப் சத்தத்துக்கு மேலே கத்தினார். அந்த மனிதர் கத்தி நான் கேட்டதே இல்லை. "பழைய ஆலைக்குப் போறீங்களான்னு கேக்கறாங்க. உங்களைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டேன்."

"என்னை எதுக்குக் கேக்கணும்?" என்று நானும் கத்தினேன்.

"தனியாவே இருந்துட்டேன். இனிமே முடியாது போலிருக்கு. நீங்க பேசிக்கிட்டே இருந்தா நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். சம்மதமா?"

என் முகமே தெரியாத நேரம் பார்த்துக் கேட்டிருக்கிறார். எனக்கு உடனே ஓடிப்போக வேண்டும் போல இருந்தது. ஆனால் கையில் மாமியார். "அங்கேயே நில்லுங்க. கழட்டிக் கழுவிட்டு வந்து சொல்றேன்" என்றேன். டிரம்மை மூடினேன். கையுறையோடு கையைக் கழுவினேன், ஏப்ரனைக் கழற்றினேன், தடுப்பைக் கழற்றினேன், கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்தேன், மறுபடியும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். ஒரு படியைக்கூட விடவில்லை. பின்னால் அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார்.

கோட்டைத் தாண்டிப் போனேன்.

"போகலைன்னு சொல்லிடுங்க."

"காரணம் கேப்பாங்க."

"பம்ப் ரிப்பேர்னு சொல்லுங்க."

அந்தப் பல் தெரிந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

மகளிடம் எப்படிச் சொல்வது என்று நாலு நாள் ஒத்திகை பார்த்தேன். இன்று சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "எனக்கு ஒரு மாசமாத் தெரியும். நீதான்மா லேட்டு" என்றாள். அப்புறம் ஊசியை வைத்துவிட்டு என் மடியில் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். அவள் அப்பா இறந்தபோது எட்டாவது படித்தாள். இப்போது அவள் தலை கனக்கிறது.

ஒரே ஒரு தடை. அவருக்கு அம்மா அப்பா இல்லை. தூக்கி வளர்த்தது அவருடைய அக்கா. இதே ஊரில் தனியாக இருக்கிறார். அக்கா சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் அவர் தலை நிமிர மாட்டார். "அக்கா வந்து வீட்டைப் பாக்கணும்னு சொல்லுது" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. அவர் இருப்பது கட்டில் போட்டால் கதவு திறக்காத அறை.

பத்தொன்பதாம் தேதி வருகிறார்கள்.

ஏப்ரல் 15, புதன்

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, எல்லாமே வெளிர் பச்சை. பெயிண்டர் ஏணி மேலிருந்து, "என்னக்கா, வீட்டுல விசேஷமா?" என்றார். "ஆமாம், பொண்ணு பாக்க வராங்க" என்றேன். மகளைப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கா?" என்றார். "பாப்பாவோட அம்மாவுக்கு" என்றாள் அவள். பெயிண்டர் பிரஷைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டார்.

தண்ணீரில் கலக்குகிற பெயிண்ட். வாசனையே வராதாம். வந்தவர்களுக்குத் தலை வலிக்கக் கூடாது என்று நான்தான் கேட்டு வாங்கினேன்.

ஏப்ரல் 18, சனி

தூசி ஒட்டிவிடப் போகிறது என்று ஜன்னலை எல்லாம் இறுக்கச் சாத்திவைத்திருக்கிறோம். சுவர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நாளைக்கு.

ஏப்ரல் 19, ஞாயிறு

எல்லாம் போச்சு.

சரியான நேரத்துக்கு வந்தார்கள். அவருடைய அக்கா ஆள் சின்ன உருவம், பார்வை மட்டும் ஆறடி. வந்ததும் சமையலறையைப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், தலையணையை அமுக்கிப் பார்த்தார். "சுவர் நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான், நான் பறந்துகொண்டிருந்தேன்.

உம்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டீ எடுத்துக்கொண்டு வந்தபோது கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. முகம் செக்கச்செவேல் என்று ஆனது. அவருடைய அக்கா, "என்னடா?" என்றார். அவர் பதில் சொல்லாமல் எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவிட்டார்.

ஓடியே விட்டார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "எங்க அம்மா செத்தப்பகூட இவன் அழலை. இந்த வீட்டுக்குள்ள வந்ததும் அழறான்னா, இவன் மனசுக்கு இது ஒப்பலை. மரியாதைக்காக உன்கிட்ட சொல்லாம இருந்திருக்கான்." தம்பியின் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒப்பலையா? அப்ப அன்னிக்கு அந்தக் கோட்டுகிட்ட நின்னு கத்தினது யாரு? இந்த வயசுல எனக்கு எதுக்கு இந்த ஆசை எல்லாம்? கிளிப்பு வேற.

டீ மூன்று டம்ளரும் அப்படியே இருந்தது. மகள் எடுத்துக் கழுவப் போட்டாள்.

ஏப்ரல் 20, திங்கள்

அவர் வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. விசில்கூட இன்று என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால், உள்ளே கட்டிலில் உம்காரர். முகம் அடுப்பில் போட்ட ரொட்டி மாதிரி உப்பியிருக்கிறது. இரண்டு கண்ணும் இரண்டு கீறல். போனில் எழுத்தே தெரியவில்லையாம், எப்படி எடுப்பார்.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குப் போனப்புறம்தான் இப்படின்னு சொல்றார். வீட்டுல புதுசா என்ன செஞ்சீங்க?" என்றார் டாக்டரம்மா.

"பெயிண்ட் அடிச்சோம். ஆனா அதுல வாசனையே இல்லீங்க."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். தண்ணீர் பெயிண்ட் டப்பாவுக்குள் கெட்டுப்போகாமல் இருக்க எதையாவது துளி கலப்பார்களாம். பெரும்பாலும் எங்கள் டிரம்மில் இருக்கிற அதே ஜாதிதானாம். சுவர் காய்ந்த பிறகும் பல நாள் காற்றில் கசியுமாம். எனக்கும் மகளுக்கும் அது ஒன்றும் செய்யாது. இவர் உடம்புதான் அடையாளம் கண்டுகொண்டதாயிற்றே. அதிலும் நாங்கள் ஜன்னலை எல்லாம் சாத்தி, பொத்திப் பொத்தி வைத்திருக்கிறோம்.

மகளுக்குப் போன் போட்டு டப்பாவைப் பார்க்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி வாசித்தாள். அதே ரயில் நீளப் பெயர்.

மாமியாரே இல்லாத மாப்பிள்ளை கிடைத்தார் என்று பூரித்துக்கொண்டிருந்தேன். கலர் எல்லாம் பார்த்து நானே சுவர் முழுக்க மாமியாரைப் பூசிவைத்திருக்கிறேன்.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. டாக்டரம்மா முறைத்தார். அந்த உப்பின முகத்திலும் அந்தப் பல் தெரிந்தது.

"அப்ப நீங்க அழலையா?" என்றேன்.

"மூச்சு முட்டுச்சு. பேச முடியலை. அக்காகிட்ட சொன்னேன், நம்பலை."

வெளியே வந்து டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்: "சிரிக்கற விஷயம் இல்ல. மூச்சு முட்டற வரைக்கும் வந்திருக்கு. அந்த வீட்டுக்குள்ள இவர் இப்ப கால் வைக்கக் கூடாது."

சிரிப்பு நின்றது. ஆனால் முழுசாக நிற்கவில்லை. அவர் ஓடினது என்னைப் பார்த்து இல்லை.

ஏப்ரல் 22, புதன்

டப்பா மூடியை எடுத்துக்கொண்டு அவருடைய அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். மூடியை வாங்கி மோந்து பார்க்கப் போனார். தட்டி இழுத்தேன்.

"வாசனை வருதான்னு பாக்கறேன்" என்றார்.

"வராது அண்ணி. அதுதான் அதோட குணமே."

"அண்ணின்னு கூப்பிட உனக்கு யார் சொன்னது?"

"நாக்கு முந்திக்கிச்சு. திருப்பி எடுத்துக்கட்டுமா?"

கொஞ்ச நேரம் பார்த்தார். டாக்டரம்மா நம்பரைக் கேட்டார், அங்கேயே நின்று போன் போட்டார். எங்கிருந்து அவ்வளவு கேள்வி வந்ததோ, டாக்டரம்மாவே திணறியிருப்பார். போனை வைத்துவிட்டு, "ஷாம்பூவிலகூட இருக்குமாமே" என்றார் என்னிடம், நான்தான் கலந்துவிட்ட மாதிரி.

"சிலதுல இருக்கும். ஆனா அவர் தலைக்கு ஷாம்பூ எதுக்கு?"

ஒரு நொடி. அந்தக் குடும்பத்திலேயே முன்பல் அப்படித்தான் போலிருக்கிறது.

"உள்ள வா" என்றார். "கல்யாணம் ஆகட்டும். ஆனா அந்தச் சுவரை வச்சுக்கிட்டு என் தம்பியை உள்ள கூப்பிட்டே, நடக்கறதே வேற."

மே 3, ஞாயிறு

பெயிண்டர் தான் அடித்ததைத் தானே சுரண்டுகிறார். "வாழ்க்கையில மொதல் தடவைக்கா" என்று ஒரே புலம்பல். எல்லோருக்கும் மூக்கை மூடிக் கட்டிவிட்டேன். சுரண்டின தூளை ஈரத்துணியால் துடைத்துக் கட்டி வைத்தோம். இதற்கு மேல் வெறும் சுண்ணாம்பு. அதில் எதையும் கலக்க வேண்டியதில்லை, சுண்ணாம்பின் காரத்தில் எதுவும் வளராது என்றார் டாக்டரம்மா. ஜன்னல்கள் இரவும் பகலும் திறந்தே கிடக்கின்றன. பக்கத்து வீட்டுப் பூனை தன் வீடு மாதிரி வந்து போகிறது.

இவ்வளவு செய்தும் ஒத்துக்கொள்ளாவிட்டால்? வீட்டுச் சொந்தக்காரர் வேறு வீடு காலியில்லை என்கிறார். மகளை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? டாக்டரம்மாவைக் கேட்டால், "சில வாரம் ஆகட்டும், பாக்கலாம்" என்கிறார். பார்க்கலாம் என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவர் டாக்டராகத்தான் இருந்திருப்பார்.

மே 15, வெள்ளி

கல்யாணம் ஆயிற்று. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, இரண்டு மாலை, விசிலின் விசில். அந்த அலுவலகச் சுவர் பழைய சுவர்தானா என்று அண்ணி முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.

வீட்டுக்கு வந்தோம். வாசல் வரைக்கும். மகள் உள்ளே போனாள், புது மாப்பிள்ளையும் நானும் வெளிப்படிக்கட்டில் ஏறி மொட்டை மாடிக்குப் போனோம். இனி அங்கேதான் பாய். சாப்பாட்டை மகள் வாளியில் வைத்துக் கயிறு கட்டி அனுப்புகிறாள். "மேல் மாடி ஆர்டர் வந்தாச்சு" என்று கீழிருந்து கத்துகிறாள். தெருவே சிரிக்கிறது.

மே 24, ஞாயிறு

நான் பேசிக்கொண்டே இருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார், பாவம்.

நேற்று வீட்டு வாசல்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். உள்ளே போகவில்லை. கண் லேசாகக் கலங்கியது. காற்றில் தூசி என்றார். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

ஜூன் 6, சனி

டாக்டரம்மா தேதி குறித்திருக்கிறார். அடுத்த புதன்கிழமை, கையில் மாத்திரையோடு, வாசல் கதவு திறந்திருக்க, கொஞ்ச நேரம் மட்டும் உள்ளே இருந்து பார்க்கலாமாம். அண்ணி அன்றைக்கு வந்து வாசலில் நிற்பாராம். காவல்.

ஜூன் 8, திங்கள்

விடிகிற நேரத்தில் மழை. தூறல் இல்லை, கொட்டு கொட்டு என்று. பாயை அவர் எடுத்தார், தலையணையை நான் எடுத்தேன், போர்வையை யாரும் எடுக்கவில்லை. வழுக்கி வழுக்கிப் படியிறங்கி ஓடி வந்தோம். மகள் கதவைத் திறந்தாள். நனைந்த வேகத்தில் இரண்டு பேரும் உள்ளே வந்துவிட்டோம்.

உள்ளே வந்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது.

அவர் அசையாமல் நின்றார். நான் அவர் கண்ணையே பார்த்தேன், அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கிற மாதிரி. தலையிலிருந்து மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் எது கண்ணீர், எது மழை என்று தெரியவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டேன். மறுபடி பார்த்தேன். மாத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலியை வாசல் பக்கத்தில் போட்டு உட்கார வைத்தேன். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மகள் அதற்கே பயந்துவிட்டாள்.

முகம் சிவக்கவில்லை. மூச்சு சீராக இருந்தது. மழை ஓய்ந்து தெருவில் சைக்கிள் மணி கேட்க ஆரம்பித்தது. அவர் சுவரை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். எழுந்து போய், கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்த காலண்டரைக் கழற்றி, ஆணியை இரண்டு விரல் தள்ளி அடித்து, நேராக மாட்டினார்.

மகள் சமையலறையிலிருந்து கேட்டாள்: "டீ எத்தனைம்மா?"

"மூணு" என்றேன்.